ஆப்பிள் பறிக்கப் போற ஃபார்மை யாரு வாங்கினாங்க? யாருமே வாங்கல: லேண்ட் டிரஸ்ட் பத்தி ஒரு எளிய விளக்கம்

போன செப்டம்பர்ல எங்க டவுன் தமிழ் வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் ஒரு மெசேஜ் தட்டி விட்டாரு, "வருஷா வருஷம் ஆப்பிள் பறிக்கப் போவோமே, அந்த ஃபார்மை ஏதோ டிரஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாம், இனிமே உள்ள விடமாட்டாங்க போல". அவ்ளோதான், அரை மணி நேரத்துல நாப்பது ரிப்ளை. கவர்ன்மெண்ட் எடுத்துக்கிச்சுன்னு ஒருத்தர், டாக்ஸ்ல தப்பிக்கப் பண்ற வேலைன்னு இன்னொருத்தர், "அப்போ ட்ரெயில் போடுவாங்களா, வாக்கிங் போலாமா"ன்னு ஒரு அக்கா, கடைசியா வீடு வாங்கி விக்கிற லைசென்ஸ் வச்சிருக்கிற ஒரு நண்பர் வந்து "அது 61ஏ லேண்டு ப்ரோ, ஏற்கனவே அதுல வீடு கட்ட முடியாது, இதுல புதுசா என்ன இருக்கு"ன்னு முடிச்சு வச்சாரு. 61ஏன்னா என்னன்னு கீழ சொல்றேன், அவர் சொன்னதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு, ஆனா சொன்ன தோரணையில எல்லாரும் நம்பிட்டாங்க.

நாங்க இருக்கறது மாசசூசெட்ஸ்ல, பாஸ்டனுக்கு மேற்கால இருக்கிற ஒரு சின்ன டவுன்ல. இந்த டவுன்ல இருக்கிற லேண்ட் டிரஸ்ட்ல நான் மூணு வருஷமா வாலன்டியரா சுத்திட்டு இருக்கேன். வக்கீல் எல்லாம் இல்ல, ஐடி வேலைதான். முதல் வருஷம் மேல சொன்ன அத்தனை தப்பும் என் மண்டைக்குள்ளயும் இருந்துச்சு, அதனால யாரையும் கிண்டல் பண்றதுக்கு எழுதல, புரிஞ்ச வரைக்கும் மொதல்ல இருந்து சொல்லிப் பாக்குறேன்.

## பேர்லயே ஒரு குழப்பம்

நம்ம ஆளுங்களுக்கு டிரஸ்ட்னு சொன்னா உடனே இன்ஜினியரிங் காலேஜ்தான் ஞாபகம் வரும், அப்பா சேர்மன், பையன் செக்ரட்டரி, அந்த டைப். இது அது இல்ல. லேண்ட் டிரஸ்ட்ங்கறது ஒரு ஊர்ல இருக்கற வயல், காடு, சதுப்பு நிலம் இதெல்லாம் வீட்டுமனையா மாறிடாம பாத்துக்கணும்னு ஊர்க்காரங்களே சேர்ந்து நடத்துற லாபநோக்கம் இல்லாத அமைப்பு. பேர்ல டிரஸ்ட் இருந்தாலும் சட்டப்படி முக்காவாசி சாதாரண நான்-ப்ராஃபிட் கார்ப்பரேஷன்தான். மாசசூசெட்ஸ்ல மட்டுமே நூறுக்கு மேல இருக்கு. சிலதுல ஆபீஸ், சம்பளம் வாங்குற ஆளுங்க எல்லாம் உண்டு, எங்களோடது மாதிரி லைப்ரரி பேஸ்மெண்ட்ல மாசம் ஒரு தடவை கூடி டோனட் தின்னுட்டு பேசுற கோஷ்டிகளும் உண்டு.

இந்த ஐடியாவே இங்கதான் பொறந்துச்சுங்கறதுல இந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு பெருமை. சார்ல்ஸ் எலியட்னு ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், 1890-ல ஒரு யோசனை சொல்றாரு, லைப்ரரி எப்படி ஊருக்காக புத்தகத்தை வச்சிருக்கோ, மியூசியம் எப்படி ஓவியத்தை வச்சிருக்கோ, அதே மாதிரி அழகான இடங்களை வச்சுப் பாதுகாக்க ஒரு அமைப்பு வேணும்னு. அடுத்த வருஷமே, 1891-ல, டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ் உருவாச்சு, இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. மனுஷன் 37 வயசுலயே போய்ச் சேந்துட்டாரு.

ஆனா அது மலை, கடற்கரை, காடு மாதிரி இடங்களுக்கு. விவசாய நிலத்துக்குன்னே ஒரு டிரஸ்ட் வர்றதுக்கு இன்னும் 90 வருஷம் ஆச்சு. கலிஃபோர்னியால, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினா வர்ற மரின் கவுண்டில, 1980-ல எலன் ஸ்ட்ராஸ்னு மாட்டுப்பண்ணை நடத்தின அம்மாவும் ஃபிலிஸ் ஃபேபர்னு உயிரியல் படிச்ச அம்மாவும் சேர்ந்து மரின் அக்ரிகல்சுரல் லேண்ட் டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க. சுற்றுச்சூழல்காரங்களும் மாட்டுக்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு இருந்த காலம் அது. அப்போ இந்த ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்ததே பெரிய விஷயம்னு சொல்லுவேன்.

## சாவிக்கொத்து

சரி, இப்போ மெயின் மேட்டர். நிலம் சொந்தமா இருக்குன்னா என்ன அர்த்தம்? நாம அதை ஒரே பொருளா நினைக்கிறோம், இருக்கு இல்லன்னா இல்ல. உண்மையில அது பாட்டி இடுப்புல தொங்குற சாவிக்கொத்து மாதிரி. ஒரு சாவி குடியிருக்க, ஒண்ணு பயிர் வைக்க, ஒண்ணு குத்தகைக்கு விட, ஒண்ணு விக்க, ஒண்ணு புள்ளைங்களுக்கு எழுதி வைக்க, ஒண்ணு கிணறு வெட்ட, ஒண்ணு மத்தவனை உள்ள வராதன்னு சொல்ல. அந்தக் கொத்துல இன்னொரு சாவி இருக்கு, அந்த இடத்தை பிளாட் போட்டு வீடு கட்டுற சாவி.

பாஸ்டன் பக்கம் இந்தக் கடைசி சாவிக்குத்தான் விலையே. மத்த சாவி எல்லாம் சேர்ந்தாலும் அது பக்கத்துல நிக்க முடியாது. மண்ணு நல்லா இருக்கா, தண்ணி இருக்கான்னு டெவலப்பர் பாக்கறதில்ல, ஹைவே எத்தனை நிமிஷம், ஸ்கூல் ரேட்டிங் என்னன்னுதான் பாக்குறான்.

லேண்ட் டிரஸ்ட் பண்றது பெரும்பாலும் என்னன்னா, கொத்துல இருந்து அந்த ஒரே ஒரு சாவியை மட்டும் கழட்டி வாங்கிக்கிறது. மத்த எல்லா சாவியும் விவசாயி கையிலயேதான். இப்படிக் கழட்டிக் குடுக்கற பத்திரத்துக்குப் பேர்தான் கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட். மாசசூசெட்ஸ்ல இதை கன்சர்வேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான், நான் ஈஸ்மெண்ட்னே எழுதறேன்.

இதுல ரொம்ப பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. சாவியை வாங்கின டிரஸ்ட்டும் அதைப் போட்டுத் திறக்க முடியாது. "இன்னிக்கு விவசாயிகிட்ட வாங்கி நாளைக்கு இவனுங்களே அபார்ட்மெண்ட் கட்டுவானுங்க"ன்னு குரூப்ல ஒருத்தர் எழுதியிருந்தாரு. முடியாது. சாவி பெட்டிக்குள்ள போயிடும், பெட்டிக்குக் காவல் இருக்கறது மட்டும்தான் டிரஸ்ட் வேலை.

இன்னொரு மாதிரி சொல்லவா? ஊர்ல மனை வாங்கறதுக்கு முன்னாடி சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஈசி போட்டுப் பாப்போம் இல்லையா, வில்லங்கம் எதுவும் இருக்கான்னு. இல்லைன்னு வந்தாத்தான் தூக்கம் வரும். இங்க நிலத்துக்காரரே வலிய வந்து தன் நிலத்து மேல ஒரு வில்லங்கத்தை ஏத்திக்கிறாரு, அதுவும் சுலபத்துல இறக்க முடியாத மாதிரி. இந்த ஊர் பத்திர ஆபீஸான ரிஜிஸ்ட்ரி ஆஃப் டீட்ஸ்ல அது பதிவாயிடும். நாளைக்கு அவர் வித்தாலும், அவர் பேரன் வித்தாலும், வாங்கறவன் அந்த வில்லங்கத்தோடதான் வாங்கணும். பின்கட்டு வீட்டுக்காரன் நம்ம மனை வழியா போறதுக்கு பாத்தியம் எழுதிக் குடுத்தா மனை எத்தனை கை மாறினாலும் அந்தப் பாதை நிக்குமில்லையா, அந்த மாதிரிதான்.

இதுவரைக்கும் வந்தது: ஃபார்ம் இன்னும் அந்தக் குடும்பத்தோடதுதான். அவங்க விக்கலாம், உழலாம், வேலி போடலாம். மனை பிரிச்சு வீடு கட்டற உரிமை மட்டும் போச்சு, அது யாருக்கும் கிடையாது.

## எதுக்கு ஒருத்தர் இதைப் பண்ணணும்?

காசுதான், பாதிக்கு மேல. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், நம்பர் எல்லாம் புரியறதுக்காக நான் வச்சது. 40 ஏக்கர் ஃபார்ம். டெவலப்பர்கிட்ட வித்தா 30 லட்சம் டாலர். வீடு கட்டவே முடியாது, விவசாயம் மட்டும்தான்னு வச்சா அதே இடம் 6 லட்சம் டாலர்தான் போகும். வித்தியாசம் 24 லட்சம். அந்த வித்தியாசம்தான் கழட்டின சாவியோட விலை. மதிப்பு போடற ஆள் வந்து ஈஸ்மெண்ட்டுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு ரெண்டு தடவை விலை போட்டு கழிச்சு எடுப்பாரு, அதுக்குப் பேரு அப்ரைசல்.

இந்த 24 லட்சத்தை நிலத்துக்காரருக்கு யாராவது குடுக்கலாம், இல்ல அவர் முழுசாவோ பாதியோ தானமா விடலாம். தானம்னா ஃபெடரல் இன்கம் டாக்ஸ்ல கழிவு உண்டு, சாதாரண ஆளுன்னா வருமானத்துல 50 சதவீதம் வரைக்கும், விவசாயம்தான் முக்கிய தொழில்னா 100 சதவீதம் வரைக்கும், அந்த வருஷம் முடியலன்னா அடுத்த 15 வருஷத்துக்கு இழுத்துட்டுப் போகலாம்.

இதுல நம்ம குடும்பங்களுக்கு டக்குனு புரியற காரணம் ஒண்ணு இருக்கு. அப்பா போயிட்டாரு, நாலு புள்ளைங்க, ஒரு பொண்ணு மட்டும்தான் ஃபார்மைப் பாத்துக்குறா, மத்த மூணு பேரு வேற வேற ஊர்ல இருந்துட்டு பங்கைக் குடுங்கறாங்க. நிலத்து மதிப்பு 30 லட்சம், பேங்க்ல இருக்கறது டிராக்டர் லோன். பங்கு பிரிக்கணும்னா விக்கறதைத் தவிர வழி இல்ல. ஈஸ்மெண்ட்டை வித்தா வர்ற காசுல மூணு பேரையும் செட்டில் பண்ணிட்டு அந்தப் பொண்ணு நிலத்தை வச்சுக்கலாம். நான் பாத்த வரைக்கும் இயற்கை மேல இருக்கற பாசத்தை விட இந்த மாதிரி பாகப்பிரிவினைதான் ஆளுங்களை எங்க மீட்டிங்குக்கு கூட்டிட்டு வருது.

காசு எங்கேருந்து? எங்க டிரஸ்ட் பேங்க் அக்கவுண்ட்டைப் பாத்தா சிரிப்பீங்க, அதனால நாலு இடத்துல கை நீட்டி சேர்க்கறதுதான் பாதி வேலை. மாசசூசெட்ஸ் மாநிலம் 1977-லயே ஏபிஆர்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, அக்ரிகல்சுரல் ப்ரிசர்வேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன், அது நல்ல விவசாய மண்ணுக்கு இந்த வித்தியாசத்தைக் குடுத்து உரிமையை வாங்கிக்கும். ஃபெடரல் கவர்ன்மெண்ட் விவசாயத் துறை வழியா ஈஸ்மெண்ட் மதிப்புல பாதி வரைக்கும் போடும். டவுனும் போடும். 2000-த்துல வந்த கம்யூனிட்டி ப்ரிசர்வேஷன் ஆக்ட்படி ஒரு டவுன் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டா ப்ராப்பர்ட்டி டாக்ஸ் மேல 3 சதவீதம் வரைக்கும் கூடுதலா வசூலிச்சு தனி உண்டியல் மாதிரி சேத்து வைக்கலாம், அதுல ஒரு பங்கு திறந்தவெளி நிலத்துக்குன்னே ஒதுக்கணும். உங்க டாக்ஸ் பில்லுல சிபிஏன்னு ஒரு வரி இருந்தா அது இதுதான். மிச்சம் ஊர்க்காரங்க செக்.

## அந்த 61ஏ

இப்போ நம்ம லைசென்ஸ் நண்பர் சொன்னதுக்கு வர்றேன். இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா வீடு வாங்கறப்போ "பின்னாடி இருக்கறது 61ஏ லேண்டு, யாரும் கட்ட மாட்டாங்க, ப்ரைவசி கேரண்டி"ன்னு நம்பி வாங்கினவங்களை எனக்கே தெரியும்.

சேப்டர் 61ஏங்கறது ஒரு டாக்ஸ் சலுகை, அவ்ளோதான். 5 ஏக்கருக்குக் குறையாம இருக்கணும், வருஷத்துக்கு 500 டாலருக்காவது விளைச்சல் வித்திருக்கணும், அப்படின்னா வீட்டுமனை மதிப்புக்கு இல்லாம விவசாய மதிப்புக்கு டாக்ஸ் கட்டினா போதும். வருஷா வருஷம் அப்ளை பண்ணணும். சாவிக்கொத்துல ஒரு சாவி கூட குறையல. நாளைக்கே அவர் மனசு மாறி டெவலப்பருக்கு விக்கலாம், சலுகையில மிச்சம் பிடிச்சதுல ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டணும், கட்டிட்டு போயிட்டே இருப்பாரு.

ஆனா சலுகைக்குப் பதிலா டவுனுக்கு ஒரு பிடி குடுத்திருக்காங்க. 61ஏ-ல இருக்கற நிலத்தை வீடு கட்டறதுக்காக ஒருத்தர் விக்கப் போறாருன்னா டவுனுக்கு நோட்டீஸ் குடுக்கணும், டெவலப்பர் என்ன விலை சொன்னானோ அதே விலைக்கு நாங்களே வாங்கிக்கிறோம்னு சொல்ல டவுனுக்கு 120 நாள் டைம். டவுன் விரும்பினா அந்த உரிமையை ஒரு லேண்ட் டிரஸ்ட்டுக்கு மாத்திக் குடுக்கலாம். பேர் ரைட் ஆஃப் ஃபர்ஸ்ட் ரெஃப்யூசல், அதாவது முதல்ல கேட்டு இல்லைன்னு சொல்றவரைக்கும் மத்தவனுக்கு விக்கக் கூடாது.

120 நாள் நிறையன்னு தோணும். நான் வந்த ரெண்டாவது வருஷம் எங்க டவுனுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்துச்சு, ரெஜிஸ்டர்ட் தபால்ல, நவம்பர் மாசம் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு முந்தின வாரம். எல்லாரும் டர்க்கி வாங்க கிளம்பிட்டாங்க. லீவு முடிஞ்சு வந்து வக்கீல் படிச்சு, மண்ணு டெஸ்ட் பண்ணி, அப்ரைசல் போட்டு, எந்தெந்த கிராண்ட்டுக்கு அப்ளை பண்ணலாம்னு பாத்து, வீடு வீடா போய் பேசி, கேக், குக்கீ எல்லாம் சுட்டு வித்து காசு சேத்து, ஸ்பெஷல் டவுன் மீட்டிங் கூட்டறதுக்குள்ள பனி உருக ஆரம்பிச்சிடுச்சு. டவுன் மீட்டிங்ங்கறது நம்ம கிராம சபை மாதிரி, ஓட்டு உள்ள எவர் வேணாலும் வந்து உக்காரலாம், அங்கயே கை தூக்கி முடிவு. கடன் வாங்கி நிலம் வாங்கணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்.

அன்னிக்கு ஹைஸ்கூல் ஜிம்ல எனக்கு ஓட்டு இல்ல, இன்னும் கிரீன் கார்டுதான். ஓட்டு இல்லாதவங்களுக்குன்னு ஓரத்துல கயிறு கட்டி தனியா நாற்காலி போட்டிருந்தாங்க, அதுல பாதி நம்ம ஆளுங்க. மூணு மாசம் ராத்திரி ராத்திரியா எக்செல் ஷீட் போட்டவன் நான், ஓட்டுக் கார்டைத் தூக்க முடியாம கையை மடியில வச்சுட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த ஒரு தெலுங்கு பெரியம்மா "என்னப்பா, ஜெயிச்சாங்களா"ன்னு இங்கிலீஷ்ல நாலு தடவை கேட்டாங்க. மாடரேட்டர் எண்ணச் சொல்லி, எண்ணி முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு. பாஸ் ஆச்சு, ஒன்பது ஓட்டு வித்தியாசத்துல.

சுருக்கமா, 61ஏ பூட்டு இல்ல. விக்கறதுக்கு முன்னாடி அடிக்கிற மணி, அதுவும் டவுன்கிட்ட காசும் ஆளும் இருந்தாத்தான் பிரயோஜனம்.

இதே மாதிரி ஸோனிங்கையும் பூட்டுன்னு நினைக்கறாங்க. எந்த இடத்துல என்ன கட்டலாம்னு டவுன் போடற விதிதான் ஸோனிங். ஹாஸ்டல் ரூல் மாதிரி, வார்டன் மாறினா ரூல் மாறும். ஈஸ்மெண்ட் பத்திரம், வார்டன் மாறினாலும் மாறாது.

## யாரு காவல்?

என்னென்னிக்கும்னு பத்திரத்துல எழுதறது சுலபம். அதை வருஷா வருஷம் யாராவது போய்ப் பாக்கணும், பாக்கலன்னா ஈஸ்மெண்ட் வெறும் பேப்பர். அதுதான் என் வேலை. கையெழுத்து ஆகறப்போ நிலம் எப்படி இருந்துச்சுன்னு போட்டோ, மேப் எல்லாம் போட்டு ஒரு பேஸ்லைன் ரிப்போர்ட் தயார் பண்ணுவாங்க. ஒவ்வொரு வருஷமும் அதே இடத்துல நின்னு அதே திசையில போட்டோ எடுத்து ஒப்பிடணும்.

நான் போறது நவம்பர்ல, இலை எல்லாம் உதிர்ந்தப்புறம், அப்போதான் எல்லை தெரியும். எல்லைன்னா இங்க பழைய கல் சுவர், 200 வருஷத்துக்கு முன்னாடி வயல்ல இருந்து பொறுக்கின கல்லை அப்படியே அடுக்கி வச்சது, முழங்கால் உசரம் இருக்கும், இப்போ காட்டுக்கு நடுவுல எங்கயோ போயிட்டே இருக்கும். பேண்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிட்டுத்தான் போகணும், உண்ணி கடிச்சா லைம் டிசீஸ். மூலைக்கு மூலை இரும்புக் கம்பி ஒண்ணு பூமியில அடிச்சிருப்பாங்க, இலைக் குப்பையைக் காலால தள்ளித் தள்ளி அதைத் தேடறதுலயே அரை மணி நேரம் போயிடும்.

பெரிய கட்டடம் எல்லாம் எவனும் திருட்டுத்தனமா கட்டறதில்ல. பிரச்சனை எல்லாம் பக்கத்து வீட்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஊர்ந்து வரும். புல்லு வெட்டறவன் ஒவ்வொரு வருஷமும் ரெண்டடி சேத்து வெட்டுவான், இலைக் குப்பையைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டுவான், அப்புறம் ஒரு ஷெட், ஒரு டிராம்போலின். முதல் வருஷம் நான் போனப்போ சுவரைத் தாண்டி பதினஞ்சடி உள்ள ஒரு பந்தல், அதுல காய்ஞ்சு போன கொடி, ஒரே ஒரு முத்தின சுரைக்காய் தொங்குது! எந்த ஊர்க்காரங்க வீடுன்னு கேக்கவே வேண்டாம். கதவைத் தட்டினேன், காரைக்குடிப் பக்கம், பெரியவர் ஒருத்தர், பொண்ணு வீட்டுக்கு ஆறு மாசம் வந்திருக்காரு. "யாருமே இல்லாத காடுதானேங்க தம்பி, வெயில் அங்கதான் நல்லா படுது"ன்னாரு. நியாயம்தான். டிரஸ்ட்டு, ஈஸ்மெண்ட்டு, எல்லாம் விளக்கி அரை மணி நேரம் காபி குடிச்சுட்டு வந்தேன், அடுத்த வசந்தத்துல பந்தல் சுவருக்கு இந்தப் பக்கம் வந்துடுச்சு, காய்ப்பு குறைஞ்சுடுச்சுன்னு இன்னிக்கும் என்னைத்தான் சொல்லுவாரு. ரிப்போர்ட்ல "என்க்ரோச்மெண்ட், விவசாயம் சார்ந்தது, பேசித் தீர்க்கப்பட்டது"ன்னு எழுதினேன்.

பேசித் தீரலன்னா கோர்ட். அதுக்காகவே காசு ஒதுக்கி வைக்கணும், அது இல்லாத டிரஸ்ட்டோட ஈஸ்மெண்ட் பயமுறுத்தாத நாய் மாதிரி.

## குறை இல்லாமயா?

நிறைய இருக்கு. டாக்ஸ்ல தப்பிக்கப் பண்ற வேலைன்னு குரூப்ல சொன்னவர் முழுசா தப்பில்ல. அமெரிக்கால சில புரோக்கர்கள் ஒரு நிலத்தைக் குறைஞ்ச விலைக்கு வாங்கி, முதலீட்டாளர்களைச் சேத்து, அப்ரைசலை பல மடங்கு ஊதி, ஈஸ்மெண்ட் தானம் பண்ணினதா காட்டி போட்ட காசுக்கு மேல டாக்ஸ் கழிவு எடுத்தாங்க. வருமான வரித் துறை பல வருஷம் துரத்தி, கடைசியா 2022 டிசம்பர்ல போட்ட காசுல இரண்டரை மடங்குக்கு மேல கழிவு கேக்க முடியாதுன்னு காங்கிரஸே, அதாவது இந்த ஊர் பார்லிமெண்டே, சட்டம் போட்டுச்சு. ஆப்பிள் ஃபார்ம் குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா பேரு ரிப்பேர் ஆனது எல்லாருக்கும்.

ரெண்டாவது, வீடு கட்ட முடியாம பண்ணிட்டா அங்க விவசாயம் நடக்கும்னு கேரண்டி இல்ல. விலை இறங்கின ஃபார்மை ஒரு பணக்காரர் வாங்கி, பழைய வீட்டை மாளிகையா இடிச்சுக் கட்டி, 40 ஏக்கரையும் குதிரை ஓடற புல்வெளியா வச்சுக்கலாம். அதனால ஏபிஆர் பத்திரத்துல மாநிலம் இன்னொரு பிடியும் வச்சிருக்கு, அந்த நிலத்தை விவசாய மதிப்புக்கே வாங்கற முதல் உரிமை, அந்த உரிமையை இன்னொரு விவசாயிக்கு மாத்தியும் விடலாம். எங்க மாதிரி சின்ன டிரஸ்ட் எழுதின பழைய ஈஸ்மெண்ட் நிறையத்துல அது கிடையாது, அப்போ யாருக்கும் தோணல.

மூணாவதுதான் எனக்கே உறுத்தறது. பாஸ்டன் சுத்துவட்டாரத்துல வீட்டு விலை என்னன்னு உங்களுக்கே தெரியும், வாடகைக்கே நாக்கு தள்ளுது. இங்க "திறந்தவெளியைக் காப்பாத்துங்க"ன்னு போர்டு நட்டவங்கள்ல சிலபேருக்கு வயல் மேல அக்கறை இல்ல, பக்கத்துல அபார்ட்மெண்ட் வந்து புது ஆளுங்க வந்துடக் கூடாது, அவ்ளோதான். மீட்டிங்ல அந்தப் பேச்சு வர்றப்போ நான் வாயைத் திறக்காம இருந்ததில்ல. ரயில், பஸ் வசதி இருக்கற 177 ஊர்ல அடுக்குமாடிக்கு இடம் ஒதுக்கணும்னு மாநிலம் 2021-ல சட்டம் போட்டது இதுக்காகத்தான். ரெண்டையும் சேத்தே பண்ண முடியும். பக்கத்து லிங்கன் டவுன்ல 1965-லேருந்தே ரூரல் லேண்ட் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு இருக்கு, நிலத்தை வாங்கி ஒரு மூலையில கொஞ்சம் வீடு கட்ட விட்டு அந்தக் காசுல மிச்சத்தைப் பூட்டற வேலை. ஸ்டேஷன் பக்கத்துல வீடு, நல்ல மண்ணு இருக்கற இடத்துல சோளம், இதுக்கு எதிரா ஒரு உருப்படியான வாதத்தை நான் இன்னும் கேக்கல.

## அப்போ ட்ரெயில் போடுவாங்களா அக்கா?

பத்திரத்துல எழுதியிருந்தாத்தான். ஈஸ்மெண்ட் போட்ட நிலம் தனியார் நிலம்தான், வேலியைத் தாண்டிப் போனா அத்துமீறல்தான். சில பத்திரத்துல பொதுப்பாதை சேத்திருப்பாங்க, விவசாய நிலத்துல பெரும்பாலும் இருக்காது, ஸ்ட்ராபெர்ரி பாத்திக்கு நடுவுல நாய் கூட்டிட்டு நடந்தா யாரு ஒத்துக்குவாங்க. உங்க வீட்டுப் பின்னாடி இருக்கற நிலம் எப்படிப்பட்டதுன்னு தெரியணும்னா மாநிலத்தோட மாஸ்மேப்பர்னு ஒரு ஆன்லைன் மேப் இருக்கு, அதுல பாதுகாக்கப்பட்ட திறந்தவெளிங்கற லேயரைப் போட்டுப் பாருங்க, எவ்வளவு உறுதியான பாதுகாப்புன்னும் காட்டும். சந்தேகம்னா ரிஜிஸ்ட்ரி ஆஃப் டீட்ஸ் வெப்சைட்ல பத்திரத்தையே எடுத்துப் படிக்கலாம். வீடு வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க, வாங்கினப்புறம் எனக்கு போன் பண்ணாதீங்க.

ஆப்பிள் ஃபார்முக்கு அடுத்த சனிக்கிழமையே குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனேன். மெக்கின்டாஷ் ஆப்பிள் சீசன். மேல சொன்ன பாகப்பிரிவினைக் கதை இந்தக் குடும்பத்தோடதுதான், ஃபார்மைப் பாத்துக்குற அந்தப் பொண்ணுதான் கவுண்டர்ல இருந்தாங்க, மூணு சகோதரங்களுக்கும் பங்கு செட்டில் பண்ணியாச்சாம், புதுசா ஒரு வரிசை ஹனிகிரிஸ்ப் நட்டிருக்காங்களாம், காய்க்க இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும். ஆப்பிள் பறிச்சுப் போடற பையோட விலையை மட்டும் நாலு டாலர் ஏத்திட்டாங்க. குரூப்ல அதைப் போட்டேன், "பாத்தீங்களா, டிரஸ்ட் வந்தாலே இப்படித்தான்"ன்னு உடனே ஒரு ரிப்ளை.